மேலக்காட்டை நான் மலையிலிருந்து இறக்கிய கதை

1

நாங்கள் நார்வேக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த நாளன்று, திருச்சி மாவட்டம் மொத்தமும் கிளம்பி வடதுருவத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நான் இருப்பது ட்ரொம்சோ என்ற ஊரில். நாட்டின் வட நுனி. நவம்பர் கடைசியில் சூரியன் லீவு சொல்லிவிட்டுப் போனால் ஜனவரியில்தான் வேலைக்குத் திரும்பும். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் எனக்கு வேலை. அன்று மதியம் இரண்டு மணி, வெளியே கன்னங்கரேல். வீட்டுக்குப் போகும் வழியில் கேக் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, திருச்சியிலிருந்து ஷகிலா பானு அனுப்பியிருந்த கணக்கெடுப்புக் கோப்பைத் திறந்தேன்.

மாவட்டத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. ஷகிலாவும் அவருடைய குழுப் பெண்கள் நால்வரும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, அந்தந்த வாசலில் நின்று செல்போனில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்திருந்தார்கள். அந்த எண்களைக் கணினிக்குக் கொடுத்து வரைபடமாக்குவது என் வேலை. ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளியாக வந்து உட்கார வேண்டும்.

வந்து உட்கார்ந்தன. ஸ்ரீரங்கம் ஸ்வால்பார்ட் தீவுகளில். ஜீயபுரம் அதற்குச் சற்றுத் தெற்கே, பனிமலை ஓரமாக. பச்சைமலை கடலுக்குள் மூழ்கிக் கிடந்தது. வானம் பார்த்த பூமியான மருங்காபுரி நாலு பக்கமும் தண்ணீர் சூழ நடுக்கடலில் மிதந்தது.

ஷகிலாவுக்குப் போன் போட்டேன்.

"ஷகிலா, ஸ்ரீரங்கத்துல பனிக்கரடி சுத்துது."

"யா அல்லா! என்ன மேடம் சொல்றீங்க? காலைலகூட அங்கதான் இருந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. கணினி முதலில் தீர்க்கரேகையைத்தான் கேட்கும். நாங்கள் அட்சரேகையைக் கொடுத்திருந்தோம்.

"நாங்க ஸ்கூல்ல அட்சரேகை, தீர்க்கரேகைன்னுதானே மேடம் படிச்சோம்? எவனாவது தீர்க்கரேகை, அட்சரேகைன்னு சொல்லுவானா? உங்க கம்ப்யூட்டரு எந்த ஸ்கூல்ல படிச்சுது?"

நியாயமான கேள்விதான். வரியை மாற்றி எழுதினேன். ஒரு நொடியில் மாவட்டம் மொத்தமும் விசா இல்லாமல், விமானம் மாறாமல் ஊர் திரும்பிவிட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

2

இந்த வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மீன் கம்பெனிகளில் ஐஸ் அறை ரிப்பேர் செய்கிறார். சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்கும் ஊரில் அதற்கு எதற்கு ஓர் ஆள் என்று திருச்சியில் கேட்பார்கள். ஆனாலும் வேலை இன்னதென்று புரிந்துவிடும்.

நான் எழுதுவது ஆர் என்ற நிரல்மொழியில். ஒரே ஓர் ஆங்கில எழுத்துதான் அதன் பெயர். புள்ளிவிவரக்காரர்கள் உண்டாக்கியது. வந்த புதிதில், மாதா கோயிலில் பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது யாழ்ப்பாணத்து மகேஸ்வரி அக்கா விசாரித்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?"

"ஆர்ல புரோகிராம் எழுதுறேன்க்கா."

"ஆரில?"

"ஆமா, ஆர்லதான்."

"அதைத்தானே கேக்கிறன். ஆரில?"

அவர்கள் பேச்சில் ஆர் என்றால் யார் என்பதை நான் தெரிந்துகொள்வதற்குள் காப்பி ஆறிவிட்டது. நான் ஏதோ ரகசிய இலாகாவில் இருக்கிறேன் என்று அவர் ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தாராம்.

மகளுக்குப் பதினான்கு வயது. ஞானஸ்நானத்தில் ஆக்னஸ் என்று வைத்தோம். இங்கே அது உள்ளூர்ப் பெயரும்கூட, ஆனால் உச்சரிப்பு ஆங்னெஸ். பள்ளியில் ஆங்னெஸ்ஸாகப் போய் வந்து, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். இப்போது ஆக்னஸ் என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்குத்தான் திரும்புகிறாள். தமிழ் பேசுவாள். ஆனால் மலையும் மழையும் அவள் வாயில் ஒன்றுதான். பச்சைமலையை ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு, "பச்சைமழைல நனைஞ்சா டிரெஸ் பச்சை ஆகுமா?" என்று நிஜமாகவே கேட்டாள்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சி மேலப்புதூர். அந்த மலைக்கு ஒருதடவைகூடப் போனதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

3

கோப்பில் எண்களைவிடப் பதில்கள் சுவாரசியமாக இருந்தன. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு மருங்காபுரிப் பக்கம் ஓர் அம்மா, "ஒரு வெத்தலை போட்டு மென்னு துப்புற தூரம்" என்று சொல்லியிருந்தார். ஜீயபுரத்தில், "வாழைத்தாரு ஏத்துற வண்டி வந்தா பக்கம், வரலேன்னா தூரம்." ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் மாமி வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே விழுந்திருக்கிறார்: "எம்பெருமான் கிருபையால இதுநாள் வரைக்கும் தூரமாவே இருக்கு. இனிமேலும் அப்படியே இருக்கட்டும்."

இதையெல்லாம் நிமிடக் கணக்காக மாற்று என்றால் எந்த நிரல்மொழியும் அழுதுவிடும். அதனால்தான் வாய்ப்பதிலை ஒதுக்கிவிட்டு, புள்ளியிலிருந்து ஆஸ்பத்திரி வரை சாலை வழியாக எத்தனை தூரம் என்று கணினியே அளக்கட்டும் என முடிவு செய்தேன். மனிதர்கள் சொல்வதைவிட மெஷின் அளப்பது நம்பகமானது என்று அப்போது நினைத்தேன்.

பச்சைமலையில் மேலக்காடு என்று ஒரு சின்ன ஊர். அங்கே செல்லம்மா என்ற பெண் சொன்னதை மட்டும் ஷகிலா தனியாக ஒரு குறிப்பாகவே எழுதி அனுப்பியிருந்தார். 'இதோட மூணு தடவை வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க தாயி. நீயும் எழுதிக்க. பேனா தீர்ந்தா எங்க வீட்டுப் புள்ளைங்க பேனா இருக்கு.' இந்தத் தடவை கட்டாயம் ஏதாவது நடக்கும் என்று ஷகிலா அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. திருச்சியில் ஒரு தொண்டு அமைப்பு மருத்துவ வண்டி ஒன்று வாங்கி வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ரொம்பவும் கஷ்டப்படும் பத்து ஊர்களின் பட்டியலை எங்களிடம் கேட்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர் இங்கிரிட். பதில் சொன்னவர்களின் வீடுகளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் ஏதாவது ஒரு திசையில் மூன்று கிலோமீட்டருக்குள் நகர்த்திவிட்டு, அசல் எண்களைப் பூட்டி வைத்துவிட வேண்டும்.

நல்ல விதிதான். சொந்த உடம்பைப் பற்றிப் பெண்கள் சொன்ன பதில்கள் அவை. ஒரே வரியில் அத்தனை வீடுகளையும் நகர்த்தினேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீடு ஒன்று கொள்ளிடத்துக்குள் இறங்கியது. இன்னொன்று காவேரியைத் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றது. பஸ் பிடிக்க வசதி. சிரித்துக்கொண்டே தூரத்தை அளந்து, பட்டியலைத் தயாரித்து, திருச்சிக்கு அனுப்பிவிட்டு, கேசரி கிண்டப் போய்விட்டேன்.

4

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷகிலாவின் போன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கண்ணு தெரியுதா?"

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

"என்னாச்சு ஷகிலா?"

"பத்து ஊர்ல மேலக்காடு எங்க மேடம்? முழு பட்டியலையும் பாத்தேன். கடைசிக்கு முன்னால கெடக்கு. ஆஸ்பத்திரி ஒன்னரை கிலோமீட்டராம்! அங்க நான் ஏறிப் போனவ மேடம். பஸ்ஸு வரலேன்னு செங்குத்துப் பாதைல நடந்து ஏறினேன். செருப்பு அறுந்து போச்சு. வெறுங்காலோடதான் அந்தம்மாகிட்ட கேள்வி கேட்டேன். ஒன்னரை கிலோமீட்டரா அது?"

நான் கணினியைத் திறந்தேன். மேலக்காடு மலையின் விளிம்பில், மூன்று பக்கமும் சரிவாக நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். விதிப்படி நான் நகர்த்தியபோது அதன் வீடுகளில் பெரும்பாலானவை விளிம்பைத் தாண்டி, கீழே சமவெளியில், தார் ரோட்டு ஓரத்தில் போய் விழுந்திருந்தன. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். கணினி சரியாகத்தான் அளந்திருக்கிறது. ஊரை மலையிலிருந்து உருட்டிவிட்டது நான்.

"மேலேருந்து பாத்தா ஆஸ்பத்திரிக் கூரையே தெரியும் மேடம். செல்லம்மா காட்டினாங்க. தெரியுது, ஆனா போறதுக்கு அரை நாள் ஆகுது. அவங்க மருமகளுக்கு அடுத்த வாரம் மாசம் ஏழு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போவேன்?"

பச்சைமலையை நான் எப்போதும் மேலிருந்து, பச்சை நிறத்தில் ஒரு திட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். திட்டுக்கு உயரம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நான் அங்க போனதே இல்ல ஷகிலா."

"சரிக்கா, விடுங்க. எப்படித் திருத்தறதுன்னு பாருங்க" என்றார். அன்றுமுதல்தான் நான் அக்கா.

பட்டியலை நிறுத்தி வைக்கச் சொல்லித் திருச்சிக்கு எழுதினேன். ஒரு மாதம் காத்திருக்கிறோம், அதற்குமேல் வண்டி சும்மா நிற்க முடியாது என்று பதில் வந்தது.

5

இங்கிரிட்டைப் பார்க்க நேரம் வாங்கவே பன்னிரண்டு நாள் ஆனது. ஐம்பது வயதிருக்கும். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இந்த நாட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பதினோரு வருஷம் கழித்தும், பயந்தால் என் வாயிலிருந்து மேடம்தான் வருகிறது. அவர் திரும்பிப் பார்த்து, அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்.

மேலக்காட்டுப் புள்ளிகளை மட்டும் பழைய இடத்துக்கே கொண்டு போக அனுமதி கேட்டேன்.

"அப்படிச் செய்தால் அந்த ஊரை அடையாளம் கண்டுவிட முடியுமா?" என்றார்.

"முடியும்."

"அப்படியானால் அனுமதிக்க முடியாது."

"அடையாளம் கண்டால்தான் வண்டி போகும்."

"எந்த வண்டி?"

மருத்துவ வண்டியைப் பற்றிச் சொன்னேன். மூன்று தடவை வந்து எழுதிப் போனவர்களைப் பற்றிச் சொன்னேன். அறுந்த செருப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். செருப்புக்கு நார்வேஜியச் சொல் அவசரத்துக்குக் கிடைக்காமல் பனிச்சறுக்குக் கட்டையின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் முதன்முறையாக ஆர்வம் தெரிந்தது. அந்த மலையில் பனி உண்டா என்றார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். ஊரார் தாங்களே விரும்பி, தங்கள் ஊர் இருக்குமிடத்தை வெளியிடலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுத்தில் ஒப்புதல் தந்தால் பரிசீலிக்கலாம். அதற்கு நான்கு பக்கப் படிவம் ஒன்று உண்டு. தமிழாக்கி அனுப்ப வேண்டும். ஒப்புதலால் வரக்கூடிய ஆபத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்தியை நீக்கக் கூடாது.

நீக்காமல் மொழிபெயர்த்தேன். 'இந்தத் தகவல் வெளியாவதால் நீங்கள் அடையாளம் காணப்படும் அபாயம் உள்ளது.'

6

ஷகிலா இந்தத் தடவை புதுச் செருப்போடு மலை ஏறினார். மேலக்காட்டில் நடந்ததை அன்று சாயங்காலமே போனில் அப்படியே நடித்துக் காட்டினார். செல்லம்மாவின் வீட்டு வாசலில் ஊர் கூடியிருக்கிறது. இவர் படிவத்தை உரக்கப் படிக்கிறார்.

"எங்க ஊரு எங்க இருக்குன்னு சொல்றதுக்கு எங்ககிட்டயே கையெழுத்தா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"ஆமாங்க. சட்டம்."

"இப்ப எங்க இருக்குன்னு வச்சிருக்காங்க?"

"கீழ. ரோட்டோரமா."

ஊரே சிரித்திருக்கிறது. "நல்லாத்தான் வச்சிருக்காங்க. அங்கேயே பட்டாவும் போட்டுக் குடுத்தா எறங்கிடுறோம்."

அபாயப் பத்தி வந்ததும் செல்லம்மா நிறுத்தச் சொன்னாராம்.

"அடையாளம் தெரிஞ்சிட்டா என்ன பண்ணுவாங்க தாயி?"

"வண்டி வரும்மா. டாக்டரு வருவாங்க."

"இதையா அபாயம்னு எழுதியிருக்காங்க? பாவம், அந்த ஊர்ல என்ன கஷ்டமோ. குடு, கையெழுத்துப் போடுறேன்."

ஐம்பத்திரண்டு படிவங்கள் வந்தன. கடைசிப் பக்கத்தில், ஆட்சேபம் இருந்தால் எழுத ஒரு கட்டம் உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது காலி. ஒன்றில் மட்டும் பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தயவுசெய்து கண்டுபிடிக்கவும்.'

அதை மொழிபெயர்த்து இங்கிரிட்டிடம் கொண்டுபோனேன். கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். வரைபடத்தைக் காட்டச் சொன்னார். இந்தத் தடவை உயரத்தையும் சேர்த்து வரைந்திருந்தேன். மலையும் விளிம்பும், சுற்றிச் சுற்றி இறங்கும் சாலையும், அடியில் ஆஸ்பத்திரியும் தெரிந்தன. மேலிருந்து கூரை தெரியும் என்பதையும் சொன்னேன்.

"என் அம்மாவின் ஊரில் சமையலறை ஜன்னலில் பார்த்தால் எதிர்க்கரை ஆஸ்பத்திரி தெரியும்" என்றார். "நடுவில் கடல். படகு இல்லாத நாளில் சுற்றிக்கொண்டு போக இரண்டரை மணி நேரம். என் தம்பி பிறந்தது போகிற வழியில், காரில்."

கையெழுத்துப் போட்டார். பிறகு, இனி மலையும் தண்ணீரும் இருக்கும் இடங்களில் புள்ளிகளை எப்படி நகர்த்துவது என்று யோசித்து ஓர் அறிக்கை தரும்படி என்னிடம் கேட்டார். இந்த நாட்டில் எந்த உதவிக்கும் பின்னால் ஓர் அறிக்கை உண்டு.

மேலக்காடு மலை ஏறியது. திருத்திய பட்டியலில் இரண்டாவது இடம்.

7

ஜூலையில் பள்ளி விடுமுறைக்குத் திருச்சி வந்தோம். அதற்குள் வண்டி மாதம் இரண்டு புதன்கிழமை மேலக்காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. மருமகளுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்திருந்தது. இந்த முறை போகாமல் விடுவதில்லை என்று ஆக்னஸையும் இழுத்துக்கொண்டு, ஷகிலாவோடு துறையூரில் பஸ் ஏறினேன்.

திருப்பங்களில் ஆக்னஸ் முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது மழை இல்ல, மலை!" என்றாள். பதினான்கு வருஷமாக நான் சொல்லிக் கொடுத்தும் வராத வித்தியாசம், மூன்றாவது திருப்பத்தில் வந்துவிட்டது.

பஸ் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே வந்திருந்தது. பலா மர நிழலில் மேஜை போட்டு நர்ஸம்மா ஒருத்தர் ஒவ்வொருவராகப் பிரஷர் பார்த்து, பெயர், வயது, ஊரை டேப்லெட் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒல்லியாக ஒரு பெண். ஷகிலா என் காதில், "செல்லம்மா" என்றார்.

"பிரஷர் கூட இருக்கும்மா" என்றார் நர்ஸம்மா.

"இருக்கிறதே இம்புட்டு உசரத்துல. ரத்தம் மட்டும் கீழயா இருக்கும்?" என்றார் செல்லம்மா.

ஷகிலா என்னை அறிமுகப்படுத்தினார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். செல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கள உருட்டி விட்டது நீதானா? மூச்சு வாங்குது பாரு. மொதல்ல உக்காரு."

எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். நர்ஸம்மா என் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றிவிட்டார். பெயர் சொன்னேன், வயது சொன்னேன். ஊர் கேட்டார்.

"ட்ரொம்சோ."

"அது எந்தப் பக்கம்?"

"நார்வே."

அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுல பத்து ஊருதாங்க இருக்கு. ஒன்ன அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"மேலப்புதூர்?"

"அதுவும் இல்லீங்க."

"மேலக்காடுன்னு போடும்மா" என்றார் செல்லம்மா. "மெஷினு வந்தா பாக்கப் போகுது?"

நர்ஸம்மா அமுக்கிவிட்டார்.

"அம்மா, இது தப்பு டேட்டா" என்று ஆக்னஸ் என் தோளைத் தட்டினாள். "மாத்தச் சொல்லு."

நான் மாற்றச் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதாகப் பாசாங்கு செய்தேன்.

அந்த மாதக் கோப்பு இப்போது ட்ரொம்சோவில் என் மேஜைக்கு வந்திருக்கிறது. பெயர்களை நீக்கித்தான் அனுப்புகிறார்கள். அன்று மேலக்காட்டில் மொத்தம் முப்பத்தொரு பேர் என்கிறது. முப்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதினால் நீக்கிவிடலாம். இரண்டு வாரமாகக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். முப்பத்தொன்றாவது பெண்ணுக்கு நேராக நர்ஸம்மாவின் குறிப்பு இருக்கிறது: பிரஷர் கொஞ்சம் அதிகம், மாதம் தவறாமல் வந்து காட்டவும்.